மூணாவது சக்கரம்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. அடியில ஒரு காகிதத்தை மடிச்சு வெச்சா ஆடாது. ஆட்டத்தை நிறுத்துறது அவ்வளவு சுலபம். அதை எனக்குக் காட்டினவன் என் மச்சினன்.

வீட்டுப் பின்னறையில பதினோரு வருஷமா ஒரே சோதனைதான். நாலு இரும்புச் சக்கரம், ஒரே சட்டத்துக்குள்ள, ஒண்ணுக்கொண்ணு எதிரெதிரா பம்பரம் மாதிரி சுத்தும். வேகம் ஏறினதும் சட்டத்தோட எடை குறையணும். குறைஞ்சது, ஐயா. அடியில இருந்த தராசு நாற்பது கிராம் குறைவாக் காட்டினதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன். தெருவே சிரிச்சது. சூரியனைப் பார்த்து நாய் குரைச்ச கதைன்னு விட்டுட்டேன். என் மனைவி மட்டும் சிரிக்கலை. எனக்கு அது போதும்.

சக்கரங்களைக் கடைஞ்சு கொடுத்தவன் அவ தம்பிதான். பட்டறையில கடைசல் வேலை, தங்கமான ஆளு. போன வாரம் சட்டத்துக்கு அடியில ரப்பரை நாலா மடிச்சு வெச்சான். தராசு முள்ளு இறங்கவே இல்லை.

"எடையெல்லாம் குறையல மாமா. சக்கரம் அதிருது, தராசு ஏமாந்துபோகுது. அவ்வளவுதான்."

கேலியா சொல்லியிருந்தா பொறுத்திருப்பேன். பாசமா சொன்னான். வாசல்ல நின்ன என் மனைவி சிரிச்சா. பதினோரு வருஷத்துச் சிரிப்பையும் சேர்த்து வெச்சிருந்திருக்கா.

ஞாயித்துக்கிழமை மறுபடி கூப்பிட்டேன். ஓட்டுறதுக்கு முன்னால சக்கரங்களைச் சுத்தியலால லேசாத் தட்டிப் பார்க்கிறது எங்க வழக்கம். நல்ல சக்கரம் மணி மாதிரி கேட்கும், விரிசல் விட்டதுன்னா சத்தம் சட்டுனு அடங்கிடும். அன்னிக்கு அவன் வர்றதுக்குள்ள நானே தட்டினேன். மூணாவது அடங்கிடுச்சு.

"தட்டிப் பார்த்தாச்சா மாமா?"

"நாலும் ஆச்சு." பொய் இல்லையே, தட்டினேன்தானே.

"மேல்மூடி எங்க?"

"மூடினா உள்ள காத்து சுழன்று எடையைக் கெடுக்கும்டா. நீ குனிஞ்சு முள்ளைப் பாரு, உனக்குத்தான் கண்ணு கூர்மை."

ரப்பரை வெச்சுட்டுக் குனிஞ்சான். என் பேச்சை அவன் என்னிக்கும் தட்டினதில்லை. நான் கதவுக்கு வெளியே நின்னு சுவிட்சைப் போட்டேன். வழக்கத்தைவிட ரெண்டு மடங்கு வேகம் கூட்டினேன். ஒரே ஒரு சத்தம். அவன் கத்தக்கூட இல்லை.

உள்ளே போனதும் முதல்ல அவனைப் பார்த்தியான்னு கேட்டீங்க. முள்ளைப் பார்த்தேன். அடியில ரப்பர் இருக்கு, மிச்ச மூணும் சுத்துது, அறுநூத்தி இருபது கிராம் குறைவு. தெறிச்சுப் போன சக்கரத்தோட எடையே அவ்வளவுதானேன்னு சொல்வீங்க. அவன் இருந்திருந்தா அவனும் அதையேதான் சொல்லியிருப்பான். அதனாலதான் அவன் இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன். இதை அப்படியே எழுதிக்குங்க.

என் மனைவி ஓடி வந்தா. "இங்க வந்து பாரு, குறைஞ்சிருக்கு"ன்னேன். தம்பி மேல விழுந்து அழுதாளே தவிர, முள்ளை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலை. இவ்வளவு கல்நெஞ்சுக்காரியோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், ஐயா.