சார் வூட்டுச் சேவல்

எழில்மதி: ...ப்பா, கைய ஆட்டாத. படம் ஆடுது.

பாவாடை: கடுக்குதும்மா. கல்லுமேல சாச்சி வெச்சிக்கலாமா?

எழில்மதி: இந்தப் பாறைமேல தூக்கிப் புடிச்சாதான் டவர் கெடைக்கும்னு கண்டுபுடிச்சதே நீதான்.

பாவாடை: அதுக்கு இந்தத் தண்டனயா...

எழில்மதி: உஸ்ஸ். சார் பேசறாரு.

போன்: ஒலி எழுப்பும் பொருள் நம்மை நோக்கி வரும்போது சத்தம் கூர்மையாகக் கேட்கும். விலகிப் போகும்போது...

பாவாடை: நம்ம ரோட்டுல போற ஜீப்பு ஆரன் மாதிரி. வரும்போது கீச்சுனு இருக்கும், தாண்டிப் போனா கொரல் எறங்கிடும்.

எழில்மதி: அதேதான்.

பாவாடை: அப்ப ஜீப்புக்குள்ள குந்திக்கினு போறவனுக்கு எப்டி கேக்கும்? சாரைக் கேளு.

எழில்மதி: ...அப்புறம் கேக்கறேன்.

பாவாடை: நேத்தும் அப்புறம்னுதான் சொன்ன.

எழில்மதி: மைக்கு சரியில்லப்பா.

பாவாடை: போன வாரம் 'எஸ் சார்'னு மலையே அதிர்ற மாதிரி கத்தின.

எழில்மதி: கிண்டல் பண்ணாத. நானே சொல்றேன். உள்ள இருக்கறவனுக்கு எப்பவும் ஒரே மாதிரிதான் கேக்கும். வெளிய நிக்கறவங்களுக்குத்தான் மாறும்.

பாவாடை: ம்... போறவனுக்குத் தெரியாது.

எழில்மதி: தெரியாது.

பாவாடை: நம்ம இஸ்கூலுக்கு பிசிக்ஸ் வாத்தியாரே வரல. எங்கியோ கள்ளக்குறிச்சில குந்திக்கினு ஒரு மனுசன் நம்ம ஜீப்பப் பத்திப் பேசறாரு பாரு.

போன்: கொக்கரக்கோ...

பாவாடை: தோ, சார் வூட்டுச் சேவலு. நேரங்கெட்ட நேரத்துல கூவுது.

எழில்மதி: பாடத்த கவனிப்பா.

பாவாடை: இன்னும் எத்தினி நாளைக்கு இந்த கிளாசு?

எழில்மதி: ஏன்?

பாவாடை: மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டு ஆரம்பிச்சிட்டாங்க. மேஸ்திரி காசிநாதன் தெனம் ஜீப்ப நிறுத்தி வேலைக்கு வரியான்னு கேக்கறாரு. பொண்ணுக்கு கிளாசு முடிஞ்சதும் ஏறிடறேன்னு வாக்கு குடுத்துட்டேன்.

எழில்மதி: முடியல. இது... பெரிய பாடம்.

பாவாடை: ரொம்பப் பெருசா?

எழில்மதி: போன வருசம் கரும்பு வெட்டப் போயி கால்ல வெட்டு வாங்கினு வந்தியே, அது ஆறிடுச்சா?

பாவாடை: எப்பவோ ஆறிடுச்சி.

எழில்மதி: பாறை ஏறும்போது நொண்டற. பின்னாலயே வரேன், எனக்குத் தெரியாதா?

பாவாடை: ஹஹ்ஹா...

எழில்மதி: இன்னாத்துக்கு சிரிக்கற?

பாவாடை: ஆரன் கேக்குதா? கீச்சுனு.

எழில்மதி: மேஸ்திரி ஜீப்பா?

பாவாடை: அதேதான். ரோட்டுலேர்ந்து பாத்தா இந்தப் பாறை தெரியும்.

எழில்மதி: ப்பா... ஒண்ணு சொல்லணும். கோச்சிக்காத. இந்த கிளாஸு வந்து...

பாவாடை: தெனமும் அதே எடத்துலதான் சேவல் கூவுது கண்ணு. சார் பாடத்த முடிச்சிட்டாரு, நீ பழைய ரெக்கார்டையே போட்டுக்கினு இருக்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நானும் மேஸ்திரிகிட்ட கிளாஸு முடியலன்னுதான் சொல்லிக்கினு வரேன்... மொதல்லேர்ந்து போடு. ஆரன் கொரல் எறங்கற வரைக்கும் ஒசத்தியே புடிக்கறேன்.