முற்றத்தில் பொங்கல், நிலவறையில் கிழங்கு

சுவர் அசைகிறது. தகரக் கதவு உள்பக்கமாக வளைகிறது. காலை ஏழு ஐம்பத்திரண்டு. என் கையில் கரண்டி. வாணலியில் உருளைக்கிழங்கு.

"ஓடிக்கோடா! அகத்தோட்டு ஓடிக்கோ!"

பைஜூ கத்துகிறான். கல்லாற்றுக்காரன், மலையாளி. எங்களோடு வேலை பார்த்தவன். நிலவறைப் படியின் உச்சியில் நிற்கிறான். உள்ளே ஓடி வா என்கிறான். என்னிடம் சொல்லவில்லை. நான் உள்ளேதான் இருக்கிறேன். முற்றத்தில் இருப்பவர்களிடம்.

சத்தங்களை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் சீழ்க்கை. மூன்று எண்ணும் நேரம். பிறகு தரை ஒருமுறை எம்பியது. அதன் பிறகுதான் வெடி. பிறகு கண்ணாடி உடைந்து விழுந்துகொண்டே இருந்தது. வெகுநேரம். பிறகு வாணலியில் எண்ணெய் பொரியும் சத்தம் மட்டும்.

முற்றத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். சிவதாணு. அப்பூப்பன்.

அன்று பொங்கல்.

நாட்டின் பெயரை எழுதவில்லை. அங்கே இன்னும் ஆட்கள் நிலவறைகளில் இருக்கிறார்கள். என் பெயர் இசக்கி. திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவில் அப்பா சுமடு எடுக்கிறார். உருளைக்கிழங்கு மூட்டை, வெங்காய மூட்டை. கையெழுத்து கிடையாது, பெருவிரல்தான். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். டிப்ளமோ முடித்தேன். ஏஜென்ட் மூலம் வேலை கிடைத்தது. குளிர் நாடு. உருளைக்கிழங்கை வெட்டி உறைய வைக்கும் தொழிற்சாலை. அப்பா சிரித்தார். "நான் தலையில சொமந்தேன். நீ பிளேன் ஏறிப் போயி அதையேதான் பாக்கப்போற, அல்லே?"

சிவதாணு கழக்கூட்டத்துப் பையன். பூர்வீகம் எங்களைப் போலவே நாஞ்சில் நாடு. அவன் அம்மா பகவதி அத்தை, ஐடி பார்க் பிள்ளைகள் தங்கும் விடுதியில் சமைக்கிறார். மாமா எப்போதோ இறந்துவிட்டார். ஒரே மகன்.

போர் எங்கள் ஊருக்கு வந்தபோது பாலத்தை உடைத்தார்கள். பஸ் வரும் என்றார்கள். நாளைக்கு என்றார்கள். தினமும் நாளைக்கு என்றார்கள். தொழிற்சாலையின் கிழங்கு நிலவறையில் பத்தொன்பது நாள் இருந்தோம். காலையில் அவித்த கிழங்கு. மதியம் அவித்த கிழங்கு. இரவில் மதியத்து மிச்சம். பதினோராம் நாள் உப்பு தீர்ந்தது. "எனக்க அம்மை இத கண்டா அழுதிருவா," என்றான் சிவதாணு. "சாவுக்கு இல்ல மக்கா. தாளிக்காம திங்கோமே, அதுக்கு." சிரித்தோம். அங்கேயும் சிரித்தோம். அதையும் எழுத வேண்டும்.

அப்பூப்பன் அந்த நாட்டுக்காரர். வாயிற்காவலர். அவர் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. தாத்தா என்ற அர்த்தத்தில் பைஜூ மலையாளத்தில் அப்படிக் கூப்பிட்டான். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். பகலில் வெளியே தீ மூட்டக்கூடாது, இது அவருடைய சட்டம். புகை மேலே தெரியும்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு சிக்னல் கிடைத்தது. நாலு நிமிடம். என் அம்மா அழவில்லை. "பொங்கலுக்கு எங்க இருப்ப மக்கா? ஒரு பிடி அரிசியாவது சூரியனப் பாக்க வச்சிரு. எல்லாம் சரியாயிரும்." லைன் போய்விட்டது.

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பொங்கலுக்கு இரண்டு அடுப்பு. வாசலில் ஒன்று, கிழக்குப் பார்த்து. அதில் பச்சரிசியும் நாட்டுக்காயும் மட்டும். சிறுகிழங்கு, சேனை, சேம்பு. உருளைக்கிழங்கு இங்கிலீஷ் காய். சாமிக்கு ஆகாது. ஆனால் எங்களுக்கு அது இல்லாமல் பண்டிகை இல்லை. மூட்டையிலிருந்து சிந்தும் கிழங்கை அப்பா துண்டில் முடிந்து கொண்டுவருவார். அதை உள்ளடுப்பில் வைப்போம். பெருஞ்சீரகம், மிளகாய்ப்பொடி, வெங்காயம் போட்டுப் பிரட்டி, ஓரம் கருகும்வரை விடவேண்டும். அதில் கை வைத்தவர் அது முடியும்வரை வாசல் அடுப்புப் பக்கம் வரக்கூடாது. வீட்டில் அது எப்போதும் என் வேலை.

சிவதாணுவின் பெட்டியில் பச்சரிசி இருந்தது. வெல்லம் இருந்தது. பண்டிகைக்கென்று தொடாமல் வைத்த ஒரு குப்பி எண்ணெயும் இருந்தது. அத்தை கட்டிக்கொடுத்தது. நான்தான் ஆரம்பித்தேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

"கீழயே வச்சிரலாம்லே," என்றான் அவன். "கேஸ் ஸ்டவ் இருக்குல்லா. சூரியன் எங்க ஓடிரப்போகுது?"

நான் சொன்னேன்: "வெளிய வச்சாத்தான் பொங்கல். உள்ள வச்சா அது வெறும் சோறு."

அவன் என்னைப் பார்த்தான். தலையை ஆட்டினான். "சரிலே பூசாரி."

அப்பூப்பனிடம் கைஜாடையில் கேட்டோம். சூரியனைக் காட்டினேன். கும்பிட்டுக் காட்டினேன். அவர் வெகுநேரம் யோசித்தார். பத்து விரலையும் விரித்துக் காட்டினார். பத்து நிமிடம். தன் மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து சிவதாணு கையில் வைத்தார்.

ஏழு முப்பத்தைந்து. பனி. கம்பிவேலிக்கு மேலே சிவப்பாக ஒரு கீற்று. மூன்று செங்கல். உடைத்த மரப்பலகை. அலுமினியச் சட்டி. பலகை ஈரம், புகைந்தது. பைஜூ படியிலிருந்து அதட்டினான். "புக காணுமெடா! தீ கெடுத்து!" அணைக்கச் சொல்கிறான். அணைக்கவில்லை. பத்து நிமிடமும் தாண்டியது.

எனக்குக் கீழே வேலை இருந்தது. கிழங்கில் கை வைத்தவன் நான். எவனும் பார்க்கப்போவதில்லை. அம்மா ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிறாள். ஆனாலும் வழக்கத்தை மீறவில்லை. சிவதாணு மேலே, நான் கீழே. காற்றுத்துளை வழியாக அவன் கத்துவது கேட்டது.

"பொங்கலோ பொங்கல்!"

மூன்று தரம் சொல்லவேண்டும். இரண்டாவதன் பாதியில் சீழ்க்கை.

புகையைப் பார்த்து அடித்தார்களா? பைஜூ ஆமாம் என்கிறான். அன்று அந்தத் தெருவில் வேறு நாலு இடத்திலும் விழுந்தது. அங்கே புகை இல்லை. எனக்குத் தெரியாது. தெரியாது என்றே எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் பஸ் வந்தது. எல்லையில் ஒரு மேஜை. ஒரு படிவம். இறந்தவர் எப்படி இறந்தார், எங்கே இருந்தார். பைஜூவின் கைகள் இரண்டும் கட்டுப்போட்டிருந்தன. எழுதத் தெம்பாக இருந்தவன் நான் ஒருவன்தான். எழுதினேன். நிலவறையில். உறக்கத்தில். ஊருக்கு வந்து அத்தையிடமும் அதையே சொன்னேன். "வலிச்சிருக்காது அத்தை." அவர் என் தலையைத் தடவினார். அந்தக் கையை இத்தனை மாதமும் தலையில் சுமந்தேன்.

இன்று மறுபடி பொங்கல். சாலையில் எங்கள் சந்து முழுக்கப் புகை. நான் வாசலுக்குப் போகவில்லை. உள்ளடுப்பில் கிழங்கு பிரட்டினேன். சாவுத் துஷ்டி விழுந்த வீட்டில் அந்த ஆண்டு பொங்கல் கிடையாது. அந்த வீட்டுக்குப் பொங்கல் கொண்டுபோகவும் மனசு வராது. ஆனால் உருளைக்கிழங்கு சாமிக்கு வைக்காத கறி. அதைக் கொண்டுபோகலாம். அம்மா தூக்குவாளியில் போட்டு மூடினாள். "போறது அதுக்கு மட்டும் இல்ல, அல்லே?" என்றாள். ஆமாம் என்றேன்.

பத்து மணி பஸ். கழக்கூட்டம் பைபாஸில் இறங்கி நடந்தேன். விடுதிக்குப் பின்னால் ஒற்றை அறை. அத்தை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் கோலம் இல்லை.

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். உறக்கம் இல்லை அத்தை. முற்றம். நான் சொல்லித்தான் வெளியே வைத்தான். கீழே வைக்கலாம் என்றான். நான்தான் கேட்கவில்லை. நான் கீழே இருந்தேன்.

முறம் நின்றது. பக்கத்து ஃபிளாட்டில் பட்டாசு. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அத்தை அசையவில்லை.

"நான் குடுத்துவிட்ட அரிசியா?"

"ஆமா அத்தை."

"பொங்கிச்சா?"

"நான் பாக்கல. சத்தம் கேட்டேன். பொங்கலோ பொங்கல்னு. ஒரு தரம் முழுசா."

"பொங்காம அவன் கத்தமாட்டான்." முறத்தைப் பார்த்தபடியே சொன்னார். பிறகு: "இதச் சொல்ல ஒனக்கு ஒரு வருஷம் வேணுமாயிருந்துதா? ஒறங்கையில போனான்னு சொல்லி, எனக்க ஒறக்கத்த எடுத்தியே. ராத்திரி கண்ண மூட பயமாயிருந்துதுலே எனக்கு."

கையிலிருந்த தூக்குவாளியை நீட்டினேன்.

தூக்குவாளியைத் திறந்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். "கருகல் காணாது," என்றார். "அவனுக்கு இன்னும் கருகணும்." மூடி உள்ளே கொண்டுபோனார். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நான் வாசலில் நின்றேன். பிறகு வந்துவிட்டேன். வந்தவுடன் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். படிவத்தில் எழுதியது பொய். இது சரி.

அன்று காலை இழந்தவை:

சிவதாணு, வயது இருபத்தாறு. பகவதி அத்தையின் ஒரே மகன்.

அப்பூப்பன். வயது தெரியாது. பெயர், கடைசிவரை எங்கள் வாயில் நுழையவில்லை. பத்து நிமிடம் தந்தவர்.

பைஜூவின் வலது கையில் மூன்று விரல். இடது காதில் கேட்கும் திறன்.

அலுமினியச் சட்டி ஒன்று. இரண்டு டம்ளர் பச்சரிசி. அச்சு வெல்லம் நாலு. சர்க்கரைப் பொட்டலம் ஒன்று, பிரிக்காதது.

கீழே வாணலியில் இருந்த கிழங்கு இழப்பில் சேராது. அன்று மதியம் அதைத்தான் நானும் பைஜூவும் தின்றோம். அவன் கையால் எடுக்க முடியவில்லை. நான் ஊட்டினேன்.