இடது கை மருந்து

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பேருந்தில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் கணவனும் மனைவியும் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். கணவர் வேலை செய்யும் தோல் தொழிற்சாலையில் வெந்நீர் கொட்டி வெந்துபோன அவரது இரண்டு கைகளிலும் தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

"இடது கைக்கு மட்டும் நல்ல மருந்தா? வலது கை இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றாள் மனைவி.

"அது ஆராய்ச்சிடி. எந்த மருந்துல தழும்பு சீக்கிரம் மறையுதுன்னு பாக்கத்தான் கைக்கு ஒரு டியூப் குடுத்திருக்காங்க."

"தெரியும். மொத வாரமே இடது கை தழும்பு மங்கிடுச்சு, வலது கை அப்படியே இருந்துச்சு; பாக்க மனசு கேக்கல. ரெண்டு டியூப்பையும் கிண்ணத்துல பிதுக்கிக் கலந்துதான் தெனம் தடவுறேன்."

அவர் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடிப்பாவி! அதான் அந்த டாக்டர் பொண்ணு, ரெண்டு மருந்தும் ஒரே மாதிரி வேலை செய்யுதுன்னு எழுதிக்கிச்சா? அது படிப்பே இந்த ஆராய்ச்சிலதான் இருக்கு. நாளைக்கே போய் உண்மையச் சொல்லிடணும்."

"தாராளமா சொல்லு. போறதுதான் போறே, ரெண்டும் இடது கை டியூப்பாவே கேட்டு வாங்கிட்டு வா."