வண்டல் குழுவுக்கு ஒரு பக்கம்

ஸ்டேஷன் வாசலில் ஹெல்மெட் போடச் சொல்லி ஒரு ஃபிளெக்ஸ் நிற்கிறதே, அது நான் அடித்ததுதான், மேடம். மேற்கு வெயில் நேராக விழுவதால் சிவப்பு வெளுத்துவிட்டது. இந்த வேலை முடிந்ததும் யாரையாவது கடைக்கு அனுப்புங்கள், புதிதாக அடித்துத் தருவார்கள். ஒரத்தநாட்டில் காதுகுத்து ஆகட்டும், கண்ணீர் அஞ்சலி ஆகட்டும், எல்லோரும் என் கடைக்குத்தான் வருவார்கள்.

ரெமிஜியஸ் யார் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் வண்டலிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும். 'வண்டல்' ஒரு ராக் இசைக்குழு. பாட்டும் கிட்டாரும் ரெமிஜியஸ், டிரம்ஸ் அனிட்டா, பேஸ் கிட்டார் பரணிதரன். நம் பக்கத்தில் கச்சேரி என்றால் சினிமாப் பாட்டுதான். இவர்கள் மும்முனை மின்சாரத்தைப் பற்றிப் பாடினார்கள். கரண்டு வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் போட ஓடுகிற ஒரு மனிதனைப் பற்றிய பாட்டு. "வந்துருச்சு, வந்துருச்சு" என்று ரெமிஜியஸ் தொண்டை கிழியக் கத்துவான்.

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் மாதா கோயில் திருவிழா. இந்தப் பாட்டைப் பாடினார்களா, பாதிக் கூட்டம் நிஜமாகவே கரண்டு வந்துவிட்டது என்று நினைத்து எழுந்து மோட்டார் போட ஓடியது. பங்குச் சாமியார் காதில் விரல் வைத்துக்கொண்டார். மீதிக் கூட்டம் ஆடியது. நானும் ஆடினேன். என் உடம்பைப் பார்க்கிறீர்கள் இல்லையா? நாற்காலி ஒன்று உடைந்தது. அன்றைய சந்தோஷம் எனக்கு இன்னும் வயிற்றில் இருக்கிறது.

இப்படிப்பட்ட குழுவுக்கு இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம் வேண்டாமா? யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒன்று இருக்கிறதே, அதுதான். நான் அதில் நெடுநாளாக எழுதுகிறேன். நம் வாய்க்கால்கள், மதகுகள், நெல் ரகங்கள் எல்லாவற்றுக்கும் பக்கம் போட்டிருக்கிறேன். தப்பான தகவல் என்றால் எனக்குச் சோறு இறங்காது. வண்டலுக்கும் ஒரு பக்கம் எழுதினேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, உச்சியில் சிவப்புப் பட்டை விழுந்தது: 'இக்கட்டுரை நீக்கப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது.'

போட்டவர் பரிதி. அங்கே மூத்த ஆசிரியர். நேரில் பார்த்ததில்லை, மரியாதையான மனிதர். குறிப்பிடத்தக்க குழு என்பதற்கு ஆதாரம் இல்லை, குழுவோடு தொடர்பில்லாத பத்திரிகைகள் எழுதியிருக்க வேண்டும் என்றார். ஊறுகாய் கம்பெனிக்குப் பக்கம் இருக்கிறதே என்றேன். ஊறுகாயைப் பற்றிச் செய்தி வந்திருக்கிறது என்றார். என் கடைப் பையன்கள் பெயரில் நானே நான்கு கணக்குத் தொடங்கி, பக்கம் இருக்கட்டும் என்று கருத்துச் சொன்னேன். அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. அவர்களைக் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பரிதி நான்கையும் அடித்துவிட்டார்.

சரி, செய்திதானே வேண்டும் என்று உள்ளூர் நிருபர் நாகநாதனிடம் போனேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"தம்பி, பாடுனா நியூஸ் இல்ல. பாடுறவன் செத்தா நியூஸ்."

நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன், மேடம். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

ரெமிஜியஸ் அப்போது ஊரில் இல்லை. கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு வாசிக்கலாமா வேண்டாமா என்று அனிட்டாவோடு சண்டை போட்டுக்கொண்டு, சிம் கார்டைக் கழற்றி வீசிவிட்டுக் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. எந்த நாட்டுத் துறைமுகம், எந்தக் கப்பல், யாருக்கும் தெரியாது. இருக்கிறானா இல்லையா என்பதற்கே ஆதாரம் கிடையாது. நான் பக்கத்தைத் திறந்து ஒரு வரி சேர்த்தேன்: 'மாட்டுப் பொங்கலன்று ரெமிஜியஸ் நீரில் மூழ்கி இறந்தார்.' எந்த நீர் என்று எழுதவில்லை. தெரியாததை எழுதுவது என் பழக்கமில்லை.

நாகநாதனுக்கு போன் போட்டேன். "எங்க வந்துருக்கு?" என்றார். பக்கத்தின் லிங்கை அனுப்பினேன். "நெட்லயே போட்டாச்சா?" என்று உடனே எழுதினார். மறுநாள் பத்திரிகையில் வந்தது: 'கடலில் மூழ்கி ஒரத்தநாடு பாடகர் பலி.' கடல் என்பது அவர் சேர்த்தது. அந்தச் செய்தியை எடுத்து என் வரிக்குக் கீழே ஆதாரமாகப் போட்டேன். பத்திரிகைக்குப் பக்கம் ஆதாரம், பக்கத்துக்குப் பத்திரிகை ஆதாரம். அன்று இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பிறகு எல்லாம் தானாக நடந்தது. என் வாழ்நாளில் அடித்ததிலேயே பெரிய கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் ரெமிஜியஸுக்குத்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கட்டினோம். தோற்றம், மறைவு, நடுவில் கிட்டாரோடு அவன். அனிட்டா அதன் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன் எடுக்க மாட்டேங்கிறான்னு திட்டிட்டே இருந்தேண்ணே," என்று அழுதாள். அவளைத் தேற்றி ஆட்டோ பிடித்து அனுப்பினேன்.

சீர்காழியிலிருந்து அவன் அப்பா சிங்கராயர் போனில் கேட்டார். "உடம்பு எப்பப்பா வரும்? நீதான் தனக்கு எல்லாம்னு சொல்வான். கம்பெனில கேட்டுச் சொல்லேன்."

"நான் பாத்துக்கிறேம்ப்பா, நீங்க அலையாதீங்க," என்றேன். கடல் எல்லாவற்றையும் திருப்பித் தராது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் கோயிலில் பூசை வைத்தார். போய்வந்தேன்.

ஒரத்தநாட்டில் மண்டபம் பிடித்து அஞ்சலிக் கூட்டம் வைத்தோம். இன்னும் இரண்டு பத்திரிகை வந்தது. டிவிக்காரர்களும் வந்தார்கள். உயிரோடு பாடியபோது எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் 'வந்துருச்சு' பாட்டுக்குக் கண்ணைத் துடைத்தார்கள். அந்த வாரமே பரிதி எழுதினார்: 'ஆதாரங்கள் போதுமானவை. பக்கம் தக்கவைக்கப்படுகிறது.' நான் கடையில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். மாமனாருக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்க வந்த ஒருவருக்கும் நீட்டிவிட்டேன். பாவம், அவரும் வாங்கிச் சாப்பிட்டார்.

கல்லணை திறந்து புது ஆற்றில் தண்ணீர் வந்த சமயம். ஒரு காலையில் கடையை அப்போதுதான் திறந்திருக்கிறேன், பையன்கள் வரவில்லை. சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு ரெமிஜியஸ் உள்ளே வந்தான். கறுத்துப் போயிருந்தான். தாடி. நேராக என்னிடம்தான் வந்திருந்தான்.

"நான் செத்துட்டேனாமேடா. கப்பல்லேர்ந்து எறங்குறப்ப ஒருத்தன் நெட்ல காமிச்சான். விழுந்து விழுந்து சிரிச்சோம்."

கட்டிப்பிடித்துக்கொண்டான். நானும் சிரித்தேன், மேடம். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. மூலையில் சுருட்டி வைத்திருந்த அஞ்சலி ஃபிளெக்ஸை விரித்துக் காட்டினேன். போட்டோ நன்றாக இருக்கிறது என்றான். யார் கிளப்பிவிட்டது என்று கேட்டான். சொன்னேன். அதற்கும் சிரித்தான். அப்பா பூசை வைத்ததைச் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது.

"அப்பாவுக்குமா சொன்ன? அந்தப் பக்கத்த மொதல்ல தூக்குடா. நான் சீர்காழி கெளம்புறேன்."

தூக்கு என்றான். எவ்வளவு சுலபமாகச் சொன்னான் பாருங்கள். நான் அவனுக்கு நிதானமாக விளக்கினேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்றால் மூன்று பத்திரிகைச் செய்தியும் பொய். செய்தி பொய் என்றால் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லை என்றால் பக்கம் இல்லை. ஒரு தட்டில் இத்தனை ஆதாரங்கள், இன்னொரு தட்டில் ஒரே ஒரு ஆள். தான் உயிரோடு இருப்பதாக ஒருவர் தானே சொல்லிக்கொள்வதை அங்கே ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவன் என்னை வினோதமாகப் பார்த்தான். அந்தப் பார்வைதான் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

"சரிடா, தூக்கிடுறேன்," என்றேன். "புதாத்துல தண்ணி வந்துருச்சு. ஒரு முங்கு முங்கிட்டு பஸ் ஏறு. இந்தக் கோலத்துல அப்பா முன்னாடி போய் நிக்காத."

பெட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு பைக்கில் ஏறினான். அது இப்போதும் வினைல் ரோல்களுக்குப் பின்னால் இருக்கிறது. அதில் அப்பாவுக்கு வாங்கிய கைக்கடிகாரம் ஒன்று இருக்கும், கொடுத்துவிடுங்கள். கப்பலில் வேலை பார்த்தானே தவிர அவனுக்கு நீச்சல் தெரியாது. ஊர் தாண்டி, ஆள் இல்லாத ஒரு மதகடிக்குக் கூட்டிப்போனேன். படியில் நின்று, செந்நிறமாக ஓடுகிற தண்ணீரைப் பார்த்ததும் குஷியாகிவிட்டான். "வந்துருச்சு, வந்துருச்சு" என்று கத்திப் பாட ஆரம்பித்தான். அந்தக் குரலை எத்தனை மாதம் கழித்துக் கேட்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாட்டு முடியும்வரை பொறுத்திருந்தேன். நடுவில் நிறுத்துவது முறையில்லை.

முடிந்ததும் கைதட்டினேன். பிறகு தள்ளினேன். மதகுப் பக்கம் இழுப்பு அதிகம். கையை நீட்டினான். எனக்கு எட்டும் தூரம்தான். நான் என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 'நீரில் மூழ்கி இறந்தார்.' ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அதோடு முடிந்திருக்கும். தென்னந்தோப்புப் பக்கம் ஒதுங்கியதை அடையாளம் தெரியாத ஆண் சடலம் என்று நீங்களே புதைத்துவிட்டீர்கள். ஆனால் போன வாரம் பரிதி, மாட்டுப் பொங்கலன்று என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'சான்று தேவை' என்று ஒரு குறி போட்டார். எந்தப் பத்திரிகையும் நாளைச் சொல்லவில்லையாம். அவர் கேட்டது சரி. ரெமிஜியஸ் இறந்தது மாட்டுப் பொங்கலன்று இல்லை, ஆனி மாதத்தில். நானே எழுதிய தப்பான தகவல் தினமும் ஊர் பார்க்க நிற்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் வழக்கு பத்திரிகையில் வந்தால் நாள், இடம் எல்லாம் சரியாகிவிடும். அதற்காகத்தான் வந்தேன். நீங்கள் என்னைத் தேடக்கூட இல்லையே.

ஏட்டையா எழுதுவதை நிறுத்திவிட்டார், மேடம். எழுதச் சொல்லுங்கள். ரெமிஜியஸைக் கொன்றது நான்தான். அதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம்.

ஒரே ஒரு திருத்தம். வாக்குமூலத்தில் மேலே 'இறந்தவரின் நெருங்கிய நண்பர்' என்று எழுதியிருக்கிறார், அதை அடித்துவிடச் சொல்லுங்கள். வேண்டியவர்களைப் பற்றி வேண்டியவர்களே எழுதுவதை அங்கே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நண்பன் எழுதியது என்று தெரிந்தால் பரிதி மறுபடியும் சிவப்புப் பட்டை போட்டுவிடுவார். நான் அவனுக்கு நண்பனாக இருந்ததே இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.