பல்வலி என்று சொன்னவர்

— பல்லு டாக்டர்கிட்ட போய்க்கிட்டிருந்தவன, பாதி வழியில இவ ஆட்டோவத் திருப்பி இங்க கொண்டாந்துட்டா, டாக்டரம்மா. ஒரு கடவாப்பல்லு. அதுக்குப் போயி எமர்ஜென்சியா?

— நீங்க சும்மா இருங்க. மாதுரி டாக்டர் பாக்கட்டும்.

— இசக்கிதுரை சேட்டா, என்னை நேரா பாருங்கோ. வலி பல்லில மட்டுமா, கழுத்திலும் உண்டோ?

— தாடை, கன்னம், கண்ணுக்குப் பின்னால... கழுத்துலயும் கொஞ்சம். மட்டாஞ்சேரியில சலூன் வச்சிருக்கேன். நாளெல்லாம் குனிஞ்சு நிக்கிறவனுக்கு வேற எங்க வலிக்கும்?

— வலது இமை தாழ்ந்திருக்கு. அந்தக் கண்ணுல கருமணியும் சின்னதா இருக்கு. இது பல்லு செய்யற வேலை இல்லை, கேட்டோ. எங்கயாவது விழுந்தேளா? கழுத்தை யாராவது திருப்பினாளா?

— ஒருத்தரும் தொடல.

— கழுத்துல போற ரத்தக்குழாயோட உள்சுவர் கிழிஞ்சிருக்கலாம். அங்க ரத்தம் கட்டி மூளைக்குப் போனா கையும் பேச்சும் போயிடும். உடனே ஸ்கேன் எடுக்கணும்.

— ஸ்கேனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பல்லப் பிடுங்கிட்டு சாயங்காலம் கடையத் தொறக்கணும். ஏட்டி செல்வி, ஆட்டோவ நிக்கச் சொல்லு, போ.

— போறேன். அவர விட்டுராதீங்க டாக்டர்.

— உங்க வீட்டுக்காரி போயாச்சு. இனி நிஜத்தைச் சொல்லுங்கோ.

— கடைக்கு வர்றவங்களுக்குக் கழுத்துல நெட்டி எடுத்து விடுவேன்லா. கல்யாணமான புதுசுல அவளுக்கும் சொல்லிக் குடுத்தேன். கடைய அடைச்சுட்டு வந்ததும் என் தலைய மடியில வச்சு ஒரு திருப்பு. சொடக்குன்னு கேட்டாத்தான் அவளுக்குச் சோறு இறங்கும். நேத்து கொஞ்சம் கூடிப்போச்சு.

— இதை ஏன் மறைக்கறேள்?

— ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சுரும்லா. தன் கையாலதான்னு தெரிஞ்சா, அந்தக் கைய வச்சுக்கிட்டு அவ எப்படி இருப்பா? அதுக்கு நான் படுத்தே கிடந்துட்டுப் போறேன்.

— நீங்க படுத்தா உங்களுக்கு ஊட்டப்போறதும் அந்தக் கைதான் சேட்டா.

— ...சரி, எடுங்க. ஆனா பல்லுலேர்ந்து வந்ததுன்னுதான் அவகிட்ட சொல்லணும்.

— சிஸ்டர், இவரை ஸ்கேனுக்குக் கொண்டு போங்கோ. தலை ஆடப்படாது.

— உள்ள போயிட்டாரா டாக்டர்?

— ஆமா, சம்மதிச்சுட்டார். உட்காருங்கோ சேச்சி. அவருக்குப் பல்லில...

— நேத்து நான் திருப்பின கொஞ்ச நேரத்துலயே அவரு கண்ணு இறங்கிச்சு. பாத்துட்டேன் டாக்டர், அதான் இன்னைக்குப் பல்லுன்னு கிளம்பினவர உங்ககிட்ட திருப்பிக் கொண்டாந்தேன். நீங்க பல்லுன்னே சொல்லுங்க. நான் நம்பிட்டேன்னு அவரு நம்பட்டும்.