எல்லா நோட்டீஸிலும் ஒரே முகம்

பன்னிரண்டு பதின்மூன்று வயசுப் பிள்ளைகளிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துப் பாருங்கள் ஐயா, ஓரம் விடவே மாட்டார்கள். இருக்கிற இடத்தையெல்லாம் நிரப்பிவிட்டு, மிச்சம் மூலை ஏதாவது கிடைத்தால் அங்கே ஒரு பூ வரைவார்கள். அது ஒன்றும் குற்றமில்லை, அந்த வயசு அப்படி.

அந்தப் பூவை அழிக்கவைப்பதுதான் என் வேலை. பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். நடக்க முடியாத பிள்ளைகளுக்கு ஊன்றுகோல் கொடுக்கிற ஓர் அறக்கட்டளை, நோட்டீஸ் தயாரித்துத் தரச் சொல்லி எங்கள் பள்ளியைக் கேட்டது. தலைமையாசிரியை அதை என் தலையில் கட்டினார். வேறு யாரும் தொடமாட்டார்கள் என்பதால் என்னிடம் வந்த வேலை என்று எனக்குத் தெரியும். அதற்காக நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் ஆளுக்கொரு நோட்டீஸ் கொண்டுவந்தார்கள். ஒன்றில் லோகோ சிவப்பு, இன்னொன்றில் ஊதா. ஒரு பையன் அறக்கட்டளையின் பெயரையே வானவில் மாதிரி வளைத்துவிட்டிருந்தான். எல்லாவற்றையும் சுவரில் வரிசையாக ஒட்டி, தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன்.

"இது ஒரே ஆள் பேசுற மாதிரி இருக்கா, சந்தைக்கடை மாதிரி இருக்கா?"

"சந்தைக்கடை சார்," என்று அவர்களே சிரித்தார்கள்.

ஒரு நிறுவனத்துக்கு ஒரு முகம்தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரே லோகோ, ஒரே எழுத்து, ஒரே படம். நோட்டீஸோ பேனரோ, எங்கே பார்த்தாலும் அதே. ஜனங்கள் நம்பிப் பழகிய முகத்தை நடுவில் மாற்றினால் அது அவர்களுக்குச் செய்கிற துரோகம். பிள்ளைகள் டக்கென்று பிடித்துக்கொண்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வகுப்பு.

படத்துக்கு வெளியே போய் ஆள் தேடவில்லை. அந்த வகுப்பிலேயே ஒரு பெண். விபத்தில் காலில் அடிபட்டு, இரண்டு கட்டைகளை ஊன்றி வருவாள். அதற்கு முன்னால் ஓட்டப் பந்தயத்தில் எல்லாரையும் முந்துகிறவளாம். மின்னல் என்று கூப்பிடுவார்கள். கட்டையோடு வந்த பிறகும் அந்தப் பெயரை யாரும் விடவில்லை. "மின்னல் வருது, வழி விடுங்கடா," என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கட்டையால் ஒரு இடி இடித்துவிட்டுப் போவாள்.

வராந்தா வெளிச்சத்தில் அவளை நிறுத்திப் படம் எடுத்தேன். கீழே, 'நான் நடக்க உதவுவீர்களா?' என்று ஒரு வரி. அவ்வளவுதான் நோட்டீஸ். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, பேருந்து நிலையம், மருந்துக்கடை, போகிற இடமெல்லாம் அந்த முகம். ஆசிரியர் அறையில் எனக்கு நாற்காலி நகர்த்திப் போட ஆரம்பித்தார்கள். இத்தனை வருஷத்தில் இல்லாத மரியாதை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவளுடைய அம்மா சலவைக்கடையில் துணி தேய்க்கிறவர். ஒருநாள் வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்தார். சாயங்காலம் தவறாமல் பயிற்சிக்குக் கூட்டிவந்தால் கட்டையே இல்லாமல் நடந்துவிடுவாள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் கடையில் விடமாட்டேன் என்கிறார்கள்.

"நீங்க கவலைப்படாதீங்கம்மா. சாயங்காலம் நானே பயிற்சி செய்ய வைக்கிறேன்," என்றேன்.

"உங்களை நம்பித்தான் சார் விடறேன். நல்லா இருப்பீங்க," என்று கும்பிட்டார்.

சாயங்காலம் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். வரிகளுக்கு நடுவே இடைவெளியைச் சரிபார்க்கிற வேலை, இருட்டும்வரை இழுக்கும். நான் அவளை நடக்கவேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வேலை கொடுத்தேன், செய்தாள். பயிற்சி எப்படிப் போகிறது என்று அம்மா கேட்டபோதெல்லாம் கொஞ்சம் பொறுமை வேண்டும் என்று சொன்னேன்.

இதில் துரோகம் எங்கே வருகிறது என்று நீங்கள் யோசிக்கலாம். வருகிறேன்.

ஒரு மதியம், மறந்துவைத்த கண்ணாடியை எடுக்க வகுப்புக்குத் திரும்பினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், பெஞ்சுகளுக்கு நடுவே அவள் நடக்கிறாள். கட்டை இல்லை. யாரையும் பிடிக்கவில்லை. மொத்த வகுப்பும் சத்தம் வராமல் கை தட்டுகிறது. சாப்பாட்டு நேரத்தில் இவர்களே தினமும் அவளைப் பிடித்து நடக்கப் பழக்கியிருக்கிறார்கள். என்னைப் பார்த்த ஒருவன் "சார்!" என்றதும் அவள் தொப்பென்று உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் கட்டைகளை மடியில் திணித்தாள்.

"கால் எப்படி இருக்கு?" என்றேன்.

"அப்படியேதான் சார் இருக்கு."

வாய் கூசாமல் சொன்னாள். ஒரு பிள்ளைகூடத் தலை நிமிரவில்லை. இவர்களுக்காக நான் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன் ஐயா. அத்தனை பேரும் சேர்ந்து என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி கேட்டாள், தலைவலி என்றேன். அந்த வலியை இன்னொருத்தருக்கு எப்படிச் சொல்வது?

அந்த வாரமே பள்ளியில் ஒரு விழாவுக்கு அறக்கட்டளைக்காரர்கள் வருவதாக இருந்தது. எங்கள் நோட்டீஸை எல்லாப் பள்ளிகளுக்கும் மாதிரியாக வைக்கப்போகிறார்கள். அதற்கு முந்தைய சாயங்காலம் மேடையில் பேனர் கட்டவேண்டும். அவளை மட்டும் இருக்கச் சொன்னேன். பேனருக்குக் கீழே ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு நாற்காலி. அந்த மேஜைக்கு ஒரு கால் குட்டை, ஆள் பிடிக்காவிட்டால் சாயும். பள்ளியில் எல்லாருக்கும் தெரியும்.

"ஏறும்மா," என்றேன்.

"நான் எப்படி சார்..."

"ஏறுவே. எனக்குத் தெரியும்."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. கட்டைகளைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு மெதுவாக ஏறினாள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையையும் தூக்கிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே பேசினாள்.

"கோபமா சார்?"

"இல்லையே."

"நாளைக்கு விழா முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தோம் சார். நடுவுல நான் நடந்துட்டா உங்க நோட்டீஸ் கெட்டுடும்னு எல்லாரும் சொன்னாங்க. அதான் அம்மாகிட்டகூட சொல்லல. நாளைக்கு நான் கட்டையோடதான் சார் வருவேன். நீங்க பயப்படாதீங்க."

என்னைப் பயப்படாதே என்கிறாள். என் பெயரைக் காப்பாற்ற இவள் நடிக்கிறாளாம், அதை அத்தனை பேரும் கூடிப் பேசி முடிவு பண்ணினார்களாம். எனக்கு அப்படி ஒரு அவமானம் வாழ்க்கையில் நேர்ந்ததில்லை.

கையை எடுத்தேன். தள்ளவில்லை, தள்ளியதாக எழுதிவிடாதீர்கள். எடுக்கும்போது அவள் குனிந்து என் கையைத்தான் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

இடுப்பு எலும்பு நொறுங்கிவிட்டதாம். இனிமேல் கட்டை இல்லாமல் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொன்னதாகத் தலைமையாசிரியை அழுதுகொண்டே சொன்னார். அவருக்கு ஆறுதல் சொல்லி, தண்ணீர் கொடுத்தேன். விழாவைத் தள்ளிவைத்தார்கள். நோட்டீஸில் எதையும் மாற்றவேண்டியிருக்கவில்லை.

நீங்கள் யாரும் என்னைத் தேடி வரவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். ஏன் என்று கேட்டீர்கள். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவளுடைய அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "சார் கடைசிவரைக்கும் மேஜையைப் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க, நான்தான் அவசரப்பட்டுட்டேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணிச் சொல்றா சார்," என்றார். அவள் கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், சொல்லிவிடாதீர்கள் என்கிற மாதிரி.

நான் கையை எடுத்ததைக் கண்ணால் பார்த்தவள் ஐயா அவள். பெற்ற தாயிடம் பொய்ச் சத்தியம் பண்ணுகிறாள். அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை. இந்தப் புத்தி மட்டும் என்னிடம் கற்றுக்கொண்டதில்லை, அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.