ஊதாமல் போன கப்பல்

1971 டிசம்பர். கிட்வாய் நகர். பாகிஸ்தானோடு போர். அந்தி நேரம். சைரன் ஏறி ஏறி இறங்குகிறது. "பத்தி புஜாவோ! ஜல்தி!" தெருவில் யாரோ கத்துகிறார்கள். விளக்கை அணைக்கிறேன். பூங்காவில் வெட்டிய பதுங்குகுழிக்குள் பிள்ளைகளைத் தள்ளுகிறேன். தலையைத் தொட்டு எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மறுபடியும் எண்ணுகிறேன்.

"பஸ் கரோம்மா, போதும், இங்கதான இருக்கோம்!" பெரியவனுக்கு எரிச்சல். அவனுக்கு அந்தக் கப்பலைத் தெரியாது.

பர்மாவில், ஐராவதி ஆற்றில் ஓடிய பயணிகள் நீராவிக் கப்பல். இரண்டு தட்டு. பக்கத்துக்கு ஒரு துடுப்புச் சக்கரம். சீமையில் செய்து, துண்டு துண்டாக ரங்கூனுக்குக் கொண்டுவந்து பூட்டியதாம். அப்பா பெருமையடிப்பார். அவர் அதில் டிக்கெட் குமாஸ்தா. புறப்படுமுன் மூன்று முறை ஊதுவார்கள். முதல் ஊதலுக்கு எவரும் அசைய மாட்டார்கள். இரண்டாவதுக்கு மூட்டை கட்டுவார்கள். மூன்றாவதுக்குத்தான் ஓட்டம். அப்பா ஆட்களை எண்ணி முடித்த பிறகே ஏறுபலகையை எடுப்பார்கள்.

1942. எனக்கு ஒன்பது வயது. ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பி வடக்கே போகிறோம். விறகு ஏற்ற ஒரு மணல்திட்டில் கப்பல் நிற்கிறது. கைக்குழந்தைக்காரிகள் சிலர் இறங்கினார்கள். அம்மாவும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்ச இறங்கினாள். "ஊதினதும் வந்துடுறேன்."

தெற்கே உறுமல். விமானம். "பலகைய எடு! ஊதாதே!" மாலுமித் தலைவர் கத்தினார். ஊதினால் மேலே கேட்டுவிடுமாம். அவ்வளவு உயரத்தில் எவன் காதில் விழும்? இன்றுவரை எனக்கு ஆறவில்லை. அப்பா எண்ணவில்லை.

சக்கரம் சுழன்றது. அம்மா திரும்பிப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. ஊதவில்லையே, கப்பலைத் தள்ளி நிறுத்துகிறார்கள் என்று நினைத்திருப்பாள். நான் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூன்று குண்டு. மூன்றும் திட்டில். கப்பலில் ஒரு கீறல் இல்லை.

திருப்பச் சொல்லி மாலுமித் தலைவரின் காலில் அப்பா விழுந்தார். திருப்பவில்லை. சில நாளில், எதிரி கையில் சிக்கக் கூடாதென்று எங்கள் ஆட்களே கப்பலை ஆற்றில் மூழ்கடித்தார்கள். கரையில் நின்று பார்த்தேன். அழுகை வரவில்லை.

சைரன் இப்போது ஒரே சீராக ஊதுகிறது. ஆபத்து நீங்கியது. பிள்ளைகள் இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

கம்பெனிக் கணக்கில் போனது ஒரு கப்பல். திட்டில் விட்டுவந்தவர்கள் எத்தனை பேர் என்று அப்பாவுக்குச் சாகும்வரை தெரியாது. எண்ணாமல் பலகை எடுத்த ஒரே நாள் அது. எனக்குத் தெரிந்து இருவர். அம்மா, அங்கம்மாள். தம்பி, ஆறு மாதம்.